நிட்ஷில் நிலையத்துக் குமாஸ்தா

தமிழகத்துக்கு வெளியே வாழும் தமிழ்க் குடும்பங்களுள், இருப்புப்பாதைப் பணியின் பொருட்டு ஊர் பெயர்ந்தவை பல. கரக்பூர் போன்ற ரயில்வே நகரங்களில் அத்தகைய இல்லங்களை இன்றும் காணலாம். ஆகவே, கடல் கடந்த நாட்டுப் புகைவண்டி நிலையம் ஒன்றில் வேலை பார்த்த இளைஞன் ஒருவனைப் பற்றிச் சொன்னால், அவன் உங்களுக்கு அயலானாகத் தோன்றமாட்டான் என்று நம்புகிறேன்.

அவன் பெயர் ஜான் மீக்கில். 1898-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகருக்கு அருகிலுள்ள கர்க்கின்டில்லாக் என்னும் ஊரில் பிறந்தவன். பின்னர் அவனுடைய குடும்பம் கிளாஸ்கோவுக்குத் தெற்கேயுள்ள நிட்ஷில் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த ஊர் அது. 1851-இல் அங்கே ஒரு சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில், பெரியவரும் சிறுவருமாக 61 பேர் மாண்டனர். அத்தகைய ஊரில் பையனுக்குப் புகைவண்டி நிலையத்தில் குமாஸ்தா வேலை கிடைப்பது பெரும் பேறே ஆகும். கரி படியாத கை; கூரையின் கீழ் மேசை; நிலையான சம்பளம். நிட்ஷில் நிலையத்தில் மீக்கிலுக்கு அந்த வேலை கிடைத்தது.

1914 ஆகஸ்டில் முதலாம் உலகப் போர் மூண்டது. மூண்ட உடனேயே பிரிட்டிஷ் அரசு நாட்டின் இருப்புப்பாதைகளைத் தன் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டது. படைகளையும் தளவாடங்களையும் துறைமுகங்களுக்குக் கொண்டு சேர்க்கப் புகைவண்டிகள் வேண்டும். அவற்றை நடத்த ஆட்கள் வேண்டும். அதே ஆட்கள் போர்முனைக்கும் வேண்டியிருந்தனர். இந்த இழுபறிக்கிடையே, போர் முடிவதற்குள் ஒரு லட்சத்து எண்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்வே ஊழியர்கள் படையில் சேர்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 20,000 பேர் திரும்பவில்லை.

மீக்கில் 1915 பிப்ரவரியில் படையில் சேர்ந்தான். படையில் சேர 18 வயதும், கடல் கடந்து போரிட 19 வயதும் நிறைந்திருக்க வேண்டும் என்பது அந்நாளைய விதி. அவனுக்கோ வயது 16. வயதைக் கூட்டிச் சொல்லிய சிறுவர்கள் ஆயிரக்கணக்கில் படையில் நுழைந்த காலம் அது. சேர்ப்பவர்களும் அதிகம் துருவிக் கேட்கவில்லை. ஸீஃபோர்த் ஹைலாண்டர்ஸ் என்னும் ரெஜிமென்டின் நான்காம் பட்டாளத்தில் அவன் இடம்பெற்றான். வடக்கு ஸ்காட்லாந்தில் டிங்வால் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பிராந்தியப் பட்டாளம் அது. பிராந்தியப் படை என்பது, தத்தம் தொழிலைச் செய்துகொண்டே ஓய்வு நேரங்களில் போர்ப்பயிற்சி பெறும் குடிமக்களைக் கொண்டு அமைந்தது. நம் நாட்டிலும் 1949-இல் தொடங்கப்பெற்ற பிராந்தியப் படையில் ரயில்வே ஊழியர்களைக் கொண்ட பிரிவுகள் இடம்பெற்றன என்பதை இங்கே நினைவுகூரலாம்.

போர்முனையில் பையன் விரைவில் முதிர்ந்தான். 1917-இல் வீரத்துக்காக மிலிட்டரி மெடல் பெற்றான். சார்ஜண்டாகவும் உயர்ந்தான்.

1918 ஜூலையில் பிரான்சில் மார்ன் ஆற்றுப் பகுதியில் ஜெர்மானியர் நடத்திய கடைசிப் பெருந்தாக்குதல் முறியடிக்கப்பட்டது. நேசப் படைகள் திருப்பித் தாக்கின. ஜூலை 20 அன்று, ரேம்ஸ் நகருக்கு அருகே ஆர்த்ர் பள்ளத்தாக்கில் மீக்கிலின் பட்டாளம் முன்னேறியது. காடும் பயிரும் நிறைந்த அந்நிலத்தில் மறைந்திருந்து சுட எதிரிக்கு வசதி மிகுதி. மறைவிடத்திலிருந்து சுடும் ஓர் இயந்திரத் துப்பாக்கி, ஒரு கம்பெனி முழுவதையும் தரையோடு தரையாகக் கிடத்திவிட வல்லது. மார்ஃபோ என்னும் சிற்றூருக்கு அருகே அதுவே நிகழ்ந்தது.

மீக்கில் தனியே எழுந்து, மறைப்பே இல்லாத 150 கஜ வெளியை ஓடிக் கடந்தான். இரண்டு துப்பாக்கிகளை இயக்கியவர்கள் மீது தன் ரிவால்வர் காலியாகும்வரை சுட்டான். எஞ்சியவர்களைக் கையிலிருந்த கனத்த தடியால் அடித்து வீழ்த்தினான். பின் நிமிர்ந்து நின்று தோழர்களைக் கையசைத்து அழைத்தான். சிறிது நேரத்தில் மற்றொரு துப்பாக்கி வழிமறித்தது. அதற்குள் அவனுடைய அணியில் பெரும்பாலோர் வீழ்ந்துவிட்டனர். வீழ்ந்த தோழன் ஒருவனின் துப்பாக்கியையும் துப்பாக்கிச் சனியனையும் எடுத்துக்கொண்டு மீண்டும் ஓடினான்; எதிரியின் துப்பாக்கியை ஏறக்குறைய எட்டிய நிலையில் மாண்டான். பின்னே வந்த இருவர் அத்துப்பாக்கியைச் செயலிழக்கச் செய்தனர்.

அப்போது அவனுக்கு வயது 19. போர் ஓய்வதற்கு நான்கு மாதங்கள்கூட இல்லை. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதாகிய விக்டோரியா கிராஸ் அந்தச் செப்டம்பரில் அவனுக்கு அறிவிக்கப்பட்டது. அவன் உடல் மார்ஃபோவில் உள்ள போர்க் கல்லறையில் உறங்குகிறது.

விருதுக் குறிப்பு அந்த வீரனின் கடைசி நாளைச் சொல்கிறது. ஆனால் சட்டப்படி அவன் போர்முனைக்கு அனுப்பப்படக்கூடிய வயதை அடைந்தே ஓராண்டு நிறையவில்லை என்பதை அது சொல்லவில்லை. டிக்கட் கொடுத்த பையனையும் அதில் காண முடியாது. அந்தப் பையனை மறவாதிருந்தவர்கள் அவனுடன் வேலை பார்த்தவர்களே. ரயில்வே தோழர்கள் அவன் பெயரால் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பி, அவன் பணியாற்றிய நிட்ஷில் நிலையத்திலேயே நிறுத்தினார்கள். அவன் இல்லாமை எந்த இடத்தில் நாள்தோறும் உணரப்பட்டதோ, அந்த இடத்தில் அது நின்றது.

பிற்காலத்தில் அச்சின்னம் நிட்ஷிலிலிருந்து அகற்றப்பட்டு, 1971-இல் பட்டாளத்தின் ஊராகிய டிங்வாலின் ரயில் நிலையத்தருகே நிறுவப்பட்டது. அங்கே அது பாதுகாப்பாகவும் மதிப்போடும் இருக்கிறது. எனினும், ஒன்றை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. சார்ஜண்ட் மீக்கிலுக்கு ஊர் கிடைத்துவிட்டது. குமாஸ்தா மீக்கில் இருந்த இடம் வெறுமையாயிற்று.

நம் நாட்டில், 1965 செப்டம்பர் 9 அன்று, ராஜஸ்தானத்துக் கட்ரா ரோடு பகுதியில் போரின்போது ரயில்வே ஊழியர் 17 பேர் கடமையில் உயிர் நீத்தனர். அவர்களுக்கும் அங்கே நினைவிடம் உண்டு. நிலையங்களிலும் தொழிற்சாலை வாயில்களிலும் இத்தகைய பெயர்ப் பலகைகளைக் காண நேரும்போது, சற்றே நின்று பெயரோடு வயதையும் வேலையையும் படியுங்கள். நாடு வீரனை நினைவில் வைக்கும். மனிதனை நினைவில் வைப்பது உடன் உழைத்தவர் கடமை.