செனல் காசு எதற்கு?

காலையில் பதுளை பெரியாஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கிற அதே வைத்திய நிபுணர், பின்நேரம் டவுனில் தனியார் இடமொன்றில் காசுக்குப் பார்க்கிறார்; இதைத்தான் ‘செனல்’ என்கிறோம். தோட்டங்களிலிருந்து வருகிற பலர், செனல் பண்ணினால் வேறு ஏதோ பெரிய டாக்டர் கிடைப்பார் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அவரேதான். இதில் களவும் இல்லை. 1970களில் அரச டாக்டர்கள் தனியாகத் தொழில் செய்யத் தடை இருந்தது. 1977இல் ஆட்சி மாறியபின், அரச வேலை முடிந்த நேரத்தில் பார்க்கலாம் என்று வழி திறந்தது. இன்றைய செனல் முறை அதன்மேல்தான் நிற்கிறது.

டாக்டருக்குக் கையில் காசு கொடுப்பது தோட்டத்துக்குப் புதுப் பழக்கம். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளியின் வைத்தியத்தைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் வைத்தது. டிஸ்பென்சரி தோட்டத்துக்குள்ளேயே இருந்தது; மருத்துவச்சியும் அங்கேயே இருந்தார். நாம் ‘டாக்டரையா’ என்று கூப்பிட்டவர் பெரும்பாலும் தோட்ட மருத்துவ உதவியாளர்; பட்டம் பெற்ற டாக்டர் அல்லர். ஆனாலும் அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். தொண்ணூறுகளில் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலையும் அப்போதே தொடங்கி, பாதியில் நிற்கிறது. அதனால்தான் மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ காய்ச்சல் கண்டவர் பசறைக்கோ பதுளைக்கோ பஸ் ஏறுகிறார்.

டவுனில் காசு கொடுக்கும் இடம் இரண்டு வகை. ஒன்று தனியார் டிஸ்பென்சரி. அங்கே டாக்டரே மருந்தையும் கொடுப்பார். பார்த்த கூலி, மருந்து எல்லாம் சேர்த்து ஒரே தொகை. சளிக்கும் வயிற்றுவலிக்கும் இது வசதிதான். ஆனால் பேர் எழுதாத சின்ன உறையில் குளிசைகள் வரும். மறுநாள் உடம்பு தடித்துப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடினால், என்ன குடித்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. உறையின்மேல் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

இன்னொன்று செனல். இதில் டாக்டரின் கட்டணம் வேறு, இடம் கொடுக்கும் வைத்தியசாலையின் கட்டணம் வேறு. போனிலோ முகவர் மூலமோ பதிந்தால் அதற்கும் ஒரு தொகை சேரும். மருந்து இதில் அடங்காது. இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அடங்காது. 2024 செப்டெம்பரில் தோட்டத்து நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. 2026 வரவுசெலவுத் திட்டம் அதை 1550 ஆக்கி, வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் 200 சேர்ப்பதாகச் சொன்னது. டாக்டரின் கதவைத் திறக்கவே இரண்டு நாள் சம்பளம் போய்விடலாம். மருந்துக்கடைக் கணக்கு அதற்குப் பிறகு.

அப்படியிருந்தும் ஏன் போகிறார்கள்? நேரம் ஒரு காரணம். அரச ஆஸ்பத்திரிக் கிளினிக் வேலைநாளில், காலையில். போனால் அன்றைய பேர் விழாது. செனல் மாலையில் நடப்பதால் கொழுந்து நிறுத்துவிட்டு வரலாம். ஆனால் பதிவு நம்பரோடு கொடுக்கும் நேரத்தை நம்பிவிடக் கூடாது. டாக்டர் சுணங்கி வந்தால் லுணுகலைக்கான கடைசி பஸ் போய்விடும். ஓட்டோ கூலி டாக்டரின் கூலியை மிஞ்சும். பதியும்போதே, டாக்டர் வராவிட்டால் காசு திரும்புமா என்றும் கேட்டு வையுங்கள்.

இரண்டாவது காரணத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அது மொழி. ஆஸ்பத்திரி வரிசையில் சிங்களத்தில் இரண்டு கேள்வி, அரைகுறையாக ஒரு பதில், கையில் துண்டு என்று முடிந்துவிடுகிறது. நெஞ்சு ‘படபட’ என்று அடிப்பதற்கும் ‘சுருக்’ என்று குத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த நேரத்துக்குள் சொல்லிவிட முடியாது. அதனால் தமிழ் தெரிந்த டாக்டரைத் தேடி, கடன்பட்டாவது காசு கட்டுகிறார்கள். நோயாளியின் மொழியைக் காசுக்கு வாங்கவேண்டி இருப்பது நோயாளியின் குற்றமல்ல, அரசாங்கத்தின் குறை. அது தீரும்வரை, சிங்களம் தெரிந்த பிள்ளை ஒன்றைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது செனல் காசை மிச்சம்பிடிக்கும்.

எப்போது காசு கட்டலாம்? என்ன நோய் என்றே பிடிபடாமல் இழுக்கும்போது, நிபுணரோடு பத்து நிமிடம் நிதானமாகப் பேசவேண்டும் என்றால் கட்டலாம். சீனி, பிரஷர் போன்ற வாழ்நாள் நோய்களுக்கு மாதாமாதம் செனல் பண்ணுவது வீண். ஒருமுறை பார்த்தபின் அரச கிளினிக்குக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள்; கிளினிக் புத்தகம் போட்டால் பரிசோதனையும் இருக்கிற மருந்தும் இலவசம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பிள்ளைக்கு வலிப்பு என்றால் செனல் நம்பர் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசில்லை.

செனல் பண்ணினால்தான் வார்ட்டில் கவனிப்பார்கள் என்று லயத்தில் ஒரு பேச்சு உண்டு. வார்ட்டில் கட்டிலுக்கும் ஒப்பரேஷனுக்கும் செனல் பற்றுச்சீட்டு தேவையில்லை. அரச ஆஸ்பத்திரிக்குள் வைத்து யாராவது கையில் காசு கேட்டால் அது இலஞ்சம். இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

மருந்துக்கு வருவோம். 2022 நெருக்கடியில் ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்து, ‘வெளியே வாங்குங்கள்’ என்று துண்டு எழுதியது எல்லோருக்கும் நினைவிருக்கும். வெளியே வாங்கும்போது விலையைத் தீர்மானிப்பது கம்பனிப் பெயர். 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கிய பேராசிரியர் செனக பிபிலே, மருந்தை அதன் பொதுப் பெயரில் எழுதவேண்டும் என்று வாதாடியவர். அந்தக் கூட்டுத்தாபனத்தின் கடைதான் ‘ஒசுசல’. துண்டில் பொதுப் பெயரை எழுதச் சொல்லுங்கள், கடையில் அதே மருந்தில் விலை குறைந்தது எது என்று கேளுங்கள். பாதி நாட்களுக்கு மட்டும் தரச் சொல்லியும் கேட்கலாம். அன்டிபயோட்டிக்கை மட்டும் பாதியில் நிறுத்தாதீர்கள்.

பெரிய செலவு வந்தால் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. உங்கள் பெயரில் தோட்டம் மாதாமாதம் சம்பளத்தில் மூன்று சதவீதத்தை ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கட்டுகிறது. ஈ.ரி.எஃப். என்றால் வேலையை விடும்போது எடுக்கிற காசு என்றுதான் நமக்குத் தெரியும். கண்ணுக்கு வில்லை வைப்பது, இருதய ஒப்பரேஷன், சிறுநீரக மாற்று ஆகியவற்றுக்கும் அங்கே உதவி உண்டு. மற்றது ஜனாதிபதி நிதியம். அதற்கு இப்போது கொழும்புக்கு அலையத் தேவையில்லை. உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். இரண்டு இடத்திலும் வாய்ச்சொல் எடுபடாது. கடிதமும் பற்றுச்சீட்டும்தான் கேட்பார்கள்.

ஆகவே டாக்டருக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தாலும் ஐயாயிரம் கொடுத்தாலும் பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். துண்டில் டாக்டரின் பெயரும் இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இலக்கம் சொல்ல மறுப்பவரிடம் உடம்பைக் காட்டாதீர்கள்.