ஆட்சி உங்கள் கையில்! சாமி விஷயத்தில் என்ன செய்வீர்கள்?



ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது அட்டெண்டன்ஸ் சிஸ்டமும் லைப்ரரி சிஸ்டமும்தான். சீனியரிடம் வாங்கி, பேரை மாற்றி, பைண்டிங் போட்டால் வேலை முடிந்தது! எங்கள் பேட்ச் நான்கு பேருக்கு அதில் மனம் ஒப்பவில்லை. 'ஆட்சி உங்கள் கையில்' என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்யத் துணிந்தோம்.

விளையாடுபவர்தான் முதலமைச்சர். ஒரு சுற்று என்பது மூன்று மாதம். 20 சுற்று ஓடினால் ஐந்து ஆண்டு முடிந்து தேர்தல். ஒவ்வொரு சுற்றிலும் திரையில் ஒரு சிக்கல் வரும். கொடுத்திருக்கும் முடிவுகளில் ஒன்றை அமுக்க வேண்டும். அதற்கேற்ப மக்களின் மதிப்பெண் ஏறும் அல்லது இறங்கும். ரோடு, தண்ணீர், கரண்ட் சிக்கல்களை ஒரே வாரத்தில் எழுதிவிட்டோம். மதம் என்று வந்தபோதுதான் விழி பிதுங்கியது. எங்கே சறுக்கினோம், எப்படி எழுந்தோம் என்பதை உங்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதை அமுக்க முடியும்?

முதலில் ஒரு எளிய சிக்கல். 2019 ஏப்ரல் 18 அன்று மதுரையில் மக்களவைத் தேர்தல். அன்றைக்கே மீனாட்சியம்மன் தேரோட்டம். கிறிஸ்தவர்களுக்கோ அது பெரிய வியாழன். விஷயம் கோர்ட் வரை போனது. தேதி மாறவில்லை. மதுரையில் மட்டும் வாக்குப்பதிவை இரவு 8 மணி வரை நீட்டித்தார்கள்.

இதை எழுதும்போது 'தேதியை மாற்று' என்று ஒரு பட்டன் வைத்தோம். அது தப்பு! தேதி குறிப்பது தேர்தல் ஆணையம். முதலமைச்சர் கையில் இருப்பது போலீஸும் பஸ்ஸும்தான். அதேபோல அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு மத சுதந்திரம் தருகிறது; ஆனால் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்கிறது. ஆகவே முதல் விதி: விளையாடுபவரால் எதைச் செய்ய முடியாது என்பதை முதலில் எழுதுங்கள்.

அம்மா எந்தக் கட்டத்தில்?

2005-இல் வந்த 'டெமாக்ரசி' போன்ற வெளிநாட்டு விளையாட்டுகளில் 'மதப்பற்றாளர்' என்பது வாக்காளர்களில் ஒரு பிரிவு. நாங்களும் அதைப் பார்த்து பக்தர், தொழிலாளி, வியாபாரி, பெற்றோர் என்று கட்டங்கள் போட்டு, ஆளுக்கொரு கட்டத்தில் மக்களை அடைத்தோம்.

என் அம்மா சிவகாசிப் பக்கம் ஒரு பயராபீஸில் சரம் பின்னுகிறவர். ஒருநாள் ராத்திரி நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தார்.

"ஏய்யா, இதுல நான் எந்த டப்பாவுல இருக்கேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. பங்குனிப் பொங்கலுக்கு விரதம் இருந்து அக்கினிச்சட்டி எடுக்கிறவர், அதனால் பக்தர். வாரச் சம்பளம் வாங்குகிறவர், அதனால் தொழிலாளி. என் தங்கைக்கு வீசிங். புகை அதிகமான ராத்திரியில் அவளை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பவரும் அவர்தான். மூன்று கட்டமும் ஒரே ஆளுக்குள் இருக்கிறதே!

ஆகவே மாற்றினோம். ஒவ்வொருவருக்கும் பத்துப் பங்கு. அம்மாவுக்கு பக்தர் 3, தொழிலாளி 4, தாய் 3. பிறகு எங்கள் மண்ணின் சிக்கலையே போட்டுப் பார்த்தோம்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், தீபாவளியன்று இரவு 8 முதல் 10 மணி வரைதான் வெடிக்கலாம் என்றது. பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை. புகையால் வாடும் குழந்தைகளின் சார்பில் தொடுத்த வழக்கு அது. ஆனால் நம் ஊர் தீபாவளி விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் ஆரம்பிப்பதாயிற்றே! தமிழக அரசு போய்க் கேட்டது. மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல் நேரத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்றது கோர்ட். காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு அறிவித்தது.

இதற்கு நாங்கள் போட்ட கணக்கு இது. முதல் உத்தரவால் பக்தருக்கு −3, தொழிலாளிக்கு −5, தாய்க்கு +6. பங்கால் பெருக்கினால் −9, −20, +18. மொத்தம் −11. நேரத்தை மாற்றிய பிறகு பக்தர் மட்டும் +1 ஆகிறார். ("நாலு மணிக்கே குளிச்சுட்டு ஆறு வரைக்கும் கைய கட்டிக்கிட்டு உக்காரணுமாக்கும்?" என்று அம்மா கேட்டதால் அதற்கு மேல் மார்க் போட மனம் வரவில்லை!) இப்போது 3, −20, +18. மொத்தம் +1.

"பாத்தியாம்மா, மைனஸ் ப்ளஸ் ஆயிருச்சு" என்றேன் பெருமையாக.

"கூட்டிப் பாத்து ஒண்ணு மிச்சங்குற. சரி. அந்த இருபது எங்க போச்சு?"

நண்பர்களே, எந்த வைவாவிலும் இப்படி ஒரு கேள்வி என்னைக் கேட்டதில்லை. நேரத்தை மாற்றியதில் சாமிக் குறை தீர்ந்தது, கூலிக் குறை தீரவில்லை. அந்தத் தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. டிசம்பரில் தொழிலாளர்கள் விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் முன் திரண்டார்கள். நான் அப்போது ஏழாம் வகுப்பு. அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது எனக்குத் தெரியும். அதே குளிர்காலத்தில் தங்கைக்கு மூச்சு கொஞ்சம் லேசாக இருந்ததும் தெரியும். எது சரி என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

ஆகவே இரண்டாம் விதி: கூட்டுத்தொகையை மட்டும் காட்டாதீர்கள். எந்த வரியில் இறங்கியது என்பதும் திரையில் தெரிய வேண்டும்.

கலவரம் ஒரு பட்டனா?

மூன்றாவது சறுக்கல் பெரியது. 'கோயிலுக்குள் யார் போகலாம்?' என்றொரு சிக்கல் எழுதினோம். இதற்கும் வெளியூர் போக வேண்டியதில்லை. 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். இராமநாதபுரம் ராஜா வழக்குப் போட்டார். 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் நாடார்கள் தோற்றார்கள். இடையில் 1899-இல் இதே உரிமைப் பிரச்சினையில் சிவகாசியே எரிந்தது.

லேப்பில் விளையாடிப் பார்த்த நண்பன் ஒருவன், "மாப்ள, கலவரத்தக் கிளப்பினா ஓட்டு ஏறுதுடா!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தோம். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க தாத்தா வீட்ல இன்னும் அந்தக் கத சொல்லுவாங்கடா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

பட்டனை எடுத்துவிடலாமா? எடுத்தால் உலகத்தில் அப்படி நடப்பதே இல்லை என்று பொய் சொன்னதாகும். வைத்தால் குறுக்குவழி சொல்லிக் கொடுத்ததாகும். நான்கு நாள் சண்டை போட்டு ஒரு வழி கண்டோம். ஓட்டு ஏறட்டும், ஆனால் அடுத்த சுற்றில் கடை எரிந்தவர், வேலை போனவர், பள்ளிக்கூடம் போகாத பிள்ளை என ஒவ்வொருவராகத் திரையில் வந்து நிற்பார்கள். அவர்களைப் பார்க்காமல் அடுத்த சுற்றுக்குத் தாண்ட முடியாது.

இன்னொன்றும் சேர்த்தோம். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்களும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அதைக் காக்க ராஜாஜி அரசு அதே ஆண்டு சட்டம் கொண்டுவந்தது. 1947-இல் மாகாணம் முழுவதற்கும் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. 1897-இலிருந்து எண்ணினால் ஐம்பது ஆண்டு! எங்கள் 20 சுற்றில் கதவைத் திறப்பவர் தேர்தலில் தோற்பார். அதனால் ஆட்டம் முடிந்த பிறகு 'ஐம்பது ஆண்டு கழித்து' என்று ஒரு பக்கம் வைத்தோம். இதுவே மூன்றாம் விதி: சில முடிவுகளுக்கு மார்க் போட ஐந்து ஆண்டு போதாது.

முடிவாக...

எங்கள் விளையாட்டில் இன்னும் பிழைகள் உண்டு. சில நேரம் தேர்தலே வராமல் ஹேங் ஆகிவிடுகிறது! ஆனாலும் நண்பர்களே, நம்மில் பலர் முதல் ஓட்டைப் போட்டுவிட்டோம், மற்றவர்கள் போடப் போகிறோம். மேடையில் ஒருவர் 'பக்தர்கள் விரும்புகிறார்கள்', 'தொழிலாளர்கள் விரும்புகிறார்கள்' என்று முழங்கும்போது, 'என் அம்மா இதில் எந்த டப்பா?' என்று ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். கணக்கில் லாபம் காட்டினால், 'அந்த இருபது எங்கே போச்சு?' என்றும் கேளுங்கள்.

கேட்கக் கற்றுக்கொண்டது ஒன்றுதான் எங்கள் ப்ராஜெக்டின் அவுட்புட். மார்க்கை எக்ஸ்டர்னல் பார்த்துக்கொள்ளட்டும்!