எடுத்த முடிவும் வந்த முடிவும்

2013 நவம்பர் 30, சனிக்கிழமை. அப்போது வேலை விஷயமாக அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரில் இருந்தேன். கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தவர். மேட்ச் பார்க்க மதியம் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். அந்த வாரம் முழுக்க பல்கலைக்கழக வளாகத்தில் எந்தப் பலகையில் 'எம்' என்ற ஆங்கில எழுத்து இருந்தாலும் அதன் மேல் சிவப்பு டேப் ஒட்டிப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். காரணம், மிச்சிகன். என் நண்பர் அந்தப் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார். 'வடக்கே இருக்கிற அந்த டீம்' என்பார்.

இந்தக் கட்டுரை அன்று நான் பார்த்த இரண்டு மேட்ச்களைப் பற்றியது. இரண்டிலும் கடைசி நிமிடத்தில் கோச் ஒரு முடிவு எடுத்தார். இரண்டு பேரும் தோற்றார்கள். இரண்டு பேரும் செய்தது தப்பா என்ற கேள்வி என்னை ரொம்ப நாள் விடவில்லை. அதைத் தோண்டப் போய்க் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி

அமெரிக்கன் ஃபுட்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம் என்பதால் தேவையான விதிகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் போய்விட்டால் அது டச் டவுன், 6 பாயின்ட். அதன் பிறகு ஒரு போனஸ் வாய்ப்பு உண்டு. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1 பாயின்ட். இது கிட்டத்தட்ட உறுதி. அதற்குப் பதிலாக, 3 யார்டு தூரத்திலிருந்து மறுபடி எல்லைக்குள் நுழைந்து காட்டினால் 2 பாயின்ட். இது பாதிக்கும் சற்றுக் குறைவான தடவைதான் பலிக்கும். டச் டவுன் போட முடியாதபோது தூரத்திலிருந்தே பந்தை உதைத்து 3 பாயின்ட் எடுக்கலாம், அது ஃபீல்டு கோல். கல்லூரி ஆட்டத்தின் மேல்மட்டத்தில் 1996-ல்தான் ஓவர்டைம் வந்தது. அதற்கு முன்பு சமமாக முடிந்தால் டிரா, அவ்வளவுதான்.

காலேஜ் பசங்க ஆடுகிற ஆட்டத்துக்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஒரு காரணம் புவியியல். அலபாமா, நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் என்எஃப்எல் அணியே கிடையாது. அங்கே பல்கலைக்கழக அணிதான் ஊருக்கு அணி. நெப்ராஸ்காவின் மைதானத்தில் 1962-லிருந்து ஒவ்வொரு மேட்சுக்கும் டிக்கெட் முழுசாக விற்றுப்போகிறது. மிச்சிகனின் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கைகள். தொழில்முறை அணியில் பிடிக்காவிட்டால் வீரர் மாறிவிடுவார், முதலாளி அணியையே வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பல்கலைக்கழகம் எங்கேயும் போகாது. அப்பா படித்த இடம், மகள் படிக்கும் இடம். அதனால் விசுவாசமும் பரம்பரைச் சொத்து மாதிரி இறங்கி வருகிறது, பகையும் கூடவே வருகிறது.

ஒஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் முதலில் மோதியது 1897-ல். அதற்கும் முன்னால், 1830-களிலேயே, டொலீடோ என்ற ஊர் யாருக்கு என்று இரண்டு பக்கமும் எல்லையில் படை திரட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஊர் ஒஹாயோவுக்குப் போனது. கோபம் இன்னும் போகவில்லை.

மேட்ச் ஒன்று: இரண்டு பாயின்ட்

அன்றைக்கு ஒஹாயோ ஸ்டேட் அந்த சீசனில் தோல்வியே காணாத அணி. மிச்சிகன் ஏற்கெனவே நான்கு மேட்ச் தோற்றிருந்தது. ஆனாலும் விடவில்லை. 32 விநாடிகள் மிச்சமிருக்கும்போது மிச்சிகன் ஒரு டச் டவுன் போட்டது. ஸ்கோர் 42-41. உதைத்தால் சமம், ஓவர்டைம். மிச்சிகன் கோச் பிரேடி ஹோக் உதைக்கவில்லை. 2 பாயின்ட்டுக்குப் போனார். வீசிய பந்தை எதிரணி வீரர் பிடித்துவிட்டார். கதை முடிந்தது.

நண்பர் வீட்டில் கூரை பறக்கிற சத்தம். நான் மட்டும் 'இந்த ஆள் ஏன் இப்படிப் பண்ணினார்?' என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. 2 பாயின்ட் முயற்சி நூற்றுக்கு 45 தடவை பலிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கேள்வி ஒன்றுதான்: ஓவர்டைம் போனால் நமக்கு 45-ஐவிட அதிக வாய்ப்பு இருக்கிறதா? சம பலமுள்ள அணி என்றால் 50, உதைப்பதே நல்லது. ஆனால் மிச்சிகன் பலவீனமான அணி. அன்று அதன் தடுப்பாட்டம் 42 பாயின்ட்டை விட்டுக்கொடுத்திருந்தது, எதிரணியை நிறுத்தவே முடியவில்லை. ஓவர்டைமில் 40 என்று மதிப்பிட்டால்கூட அது தாராளம். ஆகவே 2 பாயின்ட்தான் சரி.

இதில் ஒரு பொதுவிதி ஒளிந்திருக்கிறது. ஆட்டம் நீள நீள பலசாலிக்கு லாபம், குறையக் குறைய பலவீனனுக்கு லாபம். ஐந்து நாள் டெஸ்டில் பெரிய அணியைச் சாய்ப்பது கஷ்டம், இருபது ஓவர் மேட்சில் சாய்த்துவிடலாம் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. ஹோக் மொத்த ஆட்டத்தையும் ஒரே ஒரு பந்துக்குச் சுருக்கினார். வேறு எப்படியும் அவருக்கு அவ்வளவு வாய்ப்பு கிடைத்திருக்காது.

மேட்ச் இரண்டு: ஒரு விநாடி

மாலையில் இன்னொரு சேனலில் அலபாமாவும் ஆபர்னும். ஒரே மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழகங்கள், ஒரே குடும்பத்துக்குள்ளேயே சண்டை வரும் ரகம். அலபாமா தரவரிசையில் முதலிடம், முந்தைய இரண்டு ஆண்டுகளும் சாம்பியன். கோச் நிக் சேபன். ஸ்கோர் 28-28, கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டது. ஆனால் அலபாமா வீரர் எல்லைக்கோட்டைத் தாண்டியபோது இன்னும் ஒரு விநாடி மிச்சம் இருந்தது என்று சேபன் வாதாடினார். நடுவர்கள் வீடியோ பார்த்து அந்த ஒரு விநாடியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த ஒரு விநாடியில் 57 யார்டு தூரத்திலிருந்து ஃபீல்டு கோலுக்கு உதைக்கச் சொன்னார். பந்து எட்டவில்லை. கம்பத்துக்குக் கீழே காத்திருந்த ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து, மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடி டச் டவுன் போட்டார். 34-28. ஆபர்ன் ஜெயித்தது.

பலசாலி ஆட்டத்தை நீட்ட வேண்டும் என்று இப்போதுதானே சொன்னேன், அப்படியென்றால் சேபன் பேசாமல் ஓவர்டைமுக்குப் போயிருக்க வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். அந்த உதை பத்தில் ஒரு தடவை உள்ளே போகும் என்று வையுங்கள். போகாவிட்டால் ஓவர்டைம் எப்படியும் இருக்கிறது, நஷ்டமில்லை. எதிரணி பந்தைப் பிடித்து ஓடி டச் டவுன் போடுவது மிக மிக அபூர்வம். அந்தக் கணக்கில் உதைப்பதும் சரியே.

தப்பு வேறு இடத்தில் இருந்தது. உதைக்கும்போது முன்னால் நிற்பவர்கள் எதிரிகளை மறிக்கிற கனமான ஆட்கள், வேகமாக ஓடுகிறவர்கள் அல்ல. ஆபர்ன் கோச் கஸ் மல்ஸான் பின்னால் ஒரு வேகமான ஆளை நிறுத்தியிருந்தார். அவர் ஓட ஆரம்பித்த பிறகு துரத்திப் பிடிக்க அலபாமாவிடம் சரியான கால்கள் இல்லை. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், டிசைன் சரி, எட்ஜ் கேஸை யாரும் யோசிக்கவில்லை.

தமிழில் ஒரு விசேஷம் இருக்கிறது. நாம் எடுப்பதும் 'முடிவு', கடைசியில் வருவதும் 'முடிவு'. ஒரே சொல். எடுத்த முடிவையும் வந்த முடிவையும் நாம் போட்டுக் குழப்பிக்கொள்வதற்கு மொழியே துணை செய்கிறது போலிருக்கிறது! ஹோக்கும் சேபனும் எடுத்த முடிவு ஒன்று, வந்த முடிவு இன்னொன்று.

இது எனக்கு வெறும் விளையாட்டு விஷயம் இல்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு சிஸ்டம் மாற்றத்தை வார இறுதியில் செய்ய நான் முடிவெடுத்தேன். பேக்கப், டெஸ்ட், ஒத்திகை எல்லாம் முடித்திருந்தோம். யாரும் எதிர்பாராத ஒரு இடத்தில் உடைந்தது. திங்கட்கிழமை கூட்டத்தில் 'அன்றைக்கு உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது?' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அடுத்த மாதம் இன்னொருவர் பேக்கப்பே எடுக்காமல் அதே மாதிரி வேலையைச் செய்தார். அதிர்ஷ்டம், ஒன்றும் ஆகவில்லை. அவருக்குப் பாராட்டு மெயில் வந்தது. அன்றிலிருந்து எந்தப் பிரச்சினையை ஆராய்ந்தாலும் என் நோட்டில் இரண்டு பத்தி போடுகிறேன்: எடுத்தது, வந்தது.

ரசிகனின் மூன்றாவது பத்தி

கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பழைய மேட்ச்களைப் படிக்கப் படிக்க, ரசிகர்கள் இந்த இரண்டு பத்திகளையும் தாண்டி இன்னொன்று வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

1966 நவம்பர் 19. முதலிடத்தில் இருந்த நோட்டர் டேமும் இரண்டாமிடத்தில் இருந்த மிச்சிகன் ஸ்டேட்டும் மோதின. ஸ்கோர் 10-10. கடைசி ஒரு நிமிடம் சொச்சத்தில் பந்து நோட்டர் டேமிடம். அவர்களுடைய முக்கிய வீரர்கள் காயத்தில் வெளியே. கோச் ஆரா பார்சீகியன் வெற்றிக்கு முயலவில்லை, பத்திரமாக ஆடி நேரத்தைக் கரைத்தார். டிரா. அடுத்த வாரம் 51-0 என்று வேறொரு மேட்சை ஜெயித்து நோட்டர் டேம் நாட்டின் சாம்பியன் ஆனது. எடுத்ததும் சரி, வந்ததும் சரி. ஆனாலும் 2017-ல் அவர் இறக்கும் வரை அந்த டிராவைப் பற்றிய கேள்வி அவரை விடவில்லை.

இதற்கு நேர் எதிர் 1984 ஜனவரி 2. நெப்ராஸ்கா தோல்வியே இல்லாமல் முதலிடத்தில் இருந்தது. இறுதி மேட்சில் மயாமிக்கு எதிராக 31-17 என்று பின்தங்கி, விரட்டி வந்து, 48 விநாடிகள் இருக்கும்போது 31-30. அப்போது ஓவர்டைம் கிடையாது. உதைத்து டிரா செய்திருந்தால் பட்டம் கிட்டத்தட்ட நிச்சயம். கோச் டாம் ஆஸ்போர்ன் 2 பாயின்ட்டுக்குப் போனார். எதிரணி வீரரின் கை பந்தில் பட்டுவிட்டது. மேட்சும் போச்சு, பட்டமும் போச்சு.

பட்டம்தான் குறி என்றால் ஆஸ்போர்ன் கணக்கில் தப்பு பண்ணினார். ஆனால் நெப்ராஸ்கா அவரைத் திட்டித் தீர்க்கவில்லை. பத்து வருஷம் காத்திருந்தது. 1994, 1995, 1997 என மூன்று பட்டங்கள் பிறகு வந்தன. ஓய்வு பெற்று 2000-ல் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார், 80 சதவீதத்துக்கும் மேல் ஓட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

அந்த மூன்றாவது பத்திக்கு என்ன தலைப்பு வைப்பது? 'நாம் யார்' என்று வைக்கலாம். கோச்சின் அட்டவணையில் இது இருக்காது. ஆனால் ரசிகன் கணக்கில் இதற்குத்தான் எடை அதிகம். ஒஹாயோ ஸ்டேட்டில் ஜான் கூப்பர் 13 சீசனில் 111 மேட்ச் ஜெயித்தார். மிச்சிகனுக்கு எதிராக மட்டும் 2 வெற்றி, 10 தோல்வி, 1 டிரா. வேலை போனபோது அந்த 111-ஐ யார் பேசினார்கள்? அடுத்து வந்த ஜிம் ட்ரெஸல் 2001 ஜனவரியில் தன் முதல் பேச்சிலேயே, மிச்சிகன் மேட்சுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிச் சொன்னார். அந்த வருஷமே ஜெயித்தும் காட்டினார். இப்போதைய கோச் ரயன் டே 2024 நவம்பரில் மிச்சிகனிடம் தொடர்ந்து நான்காவது முறையாகத் தோற்றபோது, அவரை வெளியே அனுப்பு என்றது ஊர். இரண்டே மாதத்தில் அதே அணியோடு நாட்டின் சாம்பியன் ஆனார்.

இதை முட்டாள்தனம் என்று முன்பு நினைத்தேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். ரசிகன் கணக்கு தெரியாதவன் இல்லை. அவன் அளப்பது வேறொன்றை. நிகழ்தகவு நமக்கு எதில் வாய்ப்பு அதிகம் என்று சொல்லும். எதற்காக ஆடுகிறோம் என்று அது சொல்லாது, அதை நாம்தான் முதலில் சொல்ல வேண்டும். பார்சீகியன் பட்டத்துக்காக ஆடினார், ஆஸ்போர்ன் வெற்றிக்காக ஆடினார். இருவரும் தங்கள் கேள்விக்குச் சரியாகவே விடை எழுதினார்கள் என்பது என் கட்சி.

அன்று மாலை கிளம்பும்போது நண்பரிடம் கேட்டேன்: "உங்க டீம் அந்த நிலைமையில இருந்திருந்தா என்ன செய்யச் சொல்லியிருப்பீங்க?" கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு பாயின்ட்டுக்குத்தான் போகணும். அந்த டீம்கிட்ட போய் டைக்கு உதைக்கிறதா?" என்றார்.

நாள் முழுக்க அவர் வாயிலிருந்து மிச்சிகன் கோச்சைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. அவர் வரையில் இதுதான் அது.