உத்தரம் தாங்குமா?

கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றதால், எந்த மரத்தில் எதைச் செதுக்கலாம் என்பதில் அவ்வட்டாரத் தச்சர்களுக்குள்ள தேர்ச்சி வெளியூர்களிலும் பேசப்பட்டது. சுமை தாங்கும் உத்தரத்திலோ, எங்கே செதுக்கக் கூடாது என்பதே முதன்மையானது. இரு சுவர்களின் மீது கிடக்கும் உத்தரம் வளையும்போது மேற்புற இழைகள் நெருக்குண்டு சுருங்க, அடிப்புற இழைகள் இழுபட்டு நீள்கின்றன; ஓர் அலகுப் பரப்பில் இவ்வாறு எழும் விசை தகைவு எனப்படும். சீராகப் பரவிய சுமையில் அது நீளத்தின் நடுவே உச்சமடைவதால், அங்கே அடிவிளிம்பில் அமைந்த கணுவும் குறுக்கே சாய்ந்தோடும் இழையும் அழகுக்கு வெட்டிய பூவேலையும் ஒரே அளவு ஐயத்திற்குரியவை.

3 மீட்டர் நீளத்தில் 675 கிலோ சுமையைச் சீராகத் தாங்கும், 7.5 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் உள்ள தேக்குச் சட்டம் ஒன்றைக் கருதலாம். சுமையை நீளத்தால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் வளைக்கும் திருப்புமையும், அகலத்தை உயரத்தின் வர்க்கத்தால் பெருக்கி 6-ஆல் வகுத்தால் வெட்டுமுகத்தின் வலுவளவும் கிடைக்கும். முன்னதைப் பின்னதால் வகுக்க, தகைவு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 90 கிலோ. மர இனத்துக்கும் தரத்துக்கும் ஏற்ப ஐ.எஸ். 883 என்னும் இந்தியத் தரநெறி அனுமதிக்கும் எல்லையோடு இதை ஒப்பிட வேண்டும். உயரம் வர்க்கமாக நுழைவதை 1638-இலேயே கலிலியோ எழுதிவிட்டார். அதே சட்டத்தைப் படுக்கையாகக் கிடத்தினால் தகைவு இரு மடங்காகும், தொய்வோ நான்கு மடங்காகும்.

உண்மையில் பல உத்தரங்கள் முறிவதற்கு நெடுநாள் முன்பே தொய்ந்துவிடுகின்றன. மேற்கண்ட சட்டம் சுமார் 1.1 செ.மீ. தொய்யும்; நீளத்தில் 240-இல் ஒரு பங்கு, அதாவது 1.25 செ.மீ., என்ற வழக்கமான வரம்புக்குள் அது அடங்கினாலும், நிலையான சுமையின் கீழ் மரம் ஆண்டுக்கணக்கில் மெல்ல மேலும் வளையும் என்பதால், அந்த இடைவெளி நிம்மதிக்குரியதன்று.

இக்கணக்கு முழு மரத்துக்கானது. கரையான் அரித்து 15 செ.மீ. உயரம் 13 ஆனால் வலுவில் கால் பங்கும், தொய்வைத் தடுக்கும் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் போய்விடும். ஆகவே சுத்தியலால் தட்டி வெற்றொலி வரும் இடங்களைக் குறித்து, கூரான ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்து, எஞ்சிய திடமான மரத்தின் அளவையே கணக்கில் இட வேண்டும். சுவருக்குள் புதைந்த முனைகளை இச்சோதனையில் விட்டுவிடுவதே மிகுதி: அங்கே வளைவு இல்லையெனினும், இழைகளை ஒன்றன்மீது ஒன்று நழுவச் செய்யும் வெட்டுவிசை அங்கேதான் உச்சம், மழையீரம் தங்கி மரம் உளுப்பதும் அங்கேதான். சுமையையும் குறைத்து எண்ணலாகாது: கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கல்வராயன் மலையின் புல்வேய்ந்த வீடுகளில் கூரைச்சுமை குறைவு என்றாலும், மழையில் நனைந்த புல்லின் எடையைக் கொண்டே கணக்கிடுவது தகும்.