காதற் புதினங்களில் பெண்ணின் உறுதி

காதலைப் பொருளாகக் கொண்ட புதினங்களை மாணவியர் விரும்பிப் படிக்கின்றனர். பெரியோர் பலர் அவற்றை ஐயத்தோடு நோக்குகின்றனர். நாயகி துணிவு மிக்கவள் என்பது படிப்போர் கூற்று. இவை காமத்தைத் தூண்டுவன என்பது ஐயுறுவோர் கூற்று. இரு சாராரும் ஒரு வினாவைத் தொடாமலே நின்றுவிடுகின்றனர். நாயகி ‘வேண்டாம்’ என்று சொன்னால் அச்சொல்லுக்குக் கதையில் என்ன மதிப்புக் கிடைக்கிறது? பெண்ணின் உறுதியையும் அவளது காம உணர்வையும் ஒருசேர அளக்கும் கோல் இவ்வினாவே என்பதை, ஆங்கிலக் காதற் புதின மரபைச் சான்றாகக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபு தரும் அளவுகோல்

காமம் என்னும் சொல் தமிழில் இழிவழக்கு அன்று. வள்ளுவர் தம் நூலின் மூன்றாம் பாலை, 25 அதிகாரங்களில் 250 குறட்பாக்களாக, அதற்கென்றே ஒதுக்கினார். தொல்காப்பியர் அகத்திணையை ஏழாகப் பகுத்தார். ஒத்த அன்பு ஐந்திணையாயிற்று. ஒருதலைக் காமம் கைக்கிளையாயிற்று. பொருந்தாக் காமம் பெருந்திணையாயிற்று. காம மிகுதியால் வன்மை காட்டுதலும் பெருந்திணையின்பாற்பட்டதாகவே கொள்ளப்படும். காமம் இருத்தலாகுமா என்று நம் இலக்கண நூலார் கேட்கவில்லை. அஃது இருவர் உள்ளத்தும் ஒத்து நிற்கின்றதா என்றே கேட்டனர். இந்த அளவுகோல் பிறமொழிப் புதினங்களை ஆராயவும் நமக்குப் பெரிதும் துணை செய்யும்.

இருமுறை மறுத்த பெண்

சார்லட் பிரான்ட்டே எழுதிய ‘ஜேன் அயர்’ 1847ஆம் ஆண்டு, கரர் பெல் என்னும் புனைபெயரில் வெளிவந்தது. அதன் நாயகி ஜேன் பெற்றோரை இழந்தவள்; பொருளும் அழகும் இல்லாதவள்; தார்ன்ஃபீல்டு மாளிகையில் ஒரு சிறுமிக்குக் கற்பிக்கும் வீட்டாசிரியை. மாளிகைத் தலைவர் ரோச்செஸ்டர் செல்வர். அவளினும் ஏறத்தாழ இருபது வயது மூத்தவர். அவர் மீது தனக்குள்ள அன்பை ஜேன் மறைக்கவில்லை. அவர் மணம் பேசுவதற்கு முன்பே, ஆன்மாவால் தானும் அவருக்கு நிகரானவள் என்று அவர் முகத்துக்கு நேரே உரைக்கிறாள். மணம் உறுதியான பின்பும் அவர் வாரி வழங்க விரும்பும் பட்டையும் அணிகலனையும் ஏற்க மறுத்து, கற்பிக்கும் தொழிலைத் தொடர விரும்புகிறாள்.

மணச்சடங்கின்போதே அவருக்கு ஏற்கனவே மனைவி உண்டு என்பது வெளிப்படுகிறது. பெர்த்தா என்னும் அம்மனைவி, சித்தம் கலங்கிய நிலையில், அம்மாளிகையின் மேல்தளத்திலேயே அடைத்து வைக்கப்பட்டிருக்கிறாள். மணமின்றியே தம்முடன் வாழுமாறு ரோச்செஸ்டர் மன்றாடுகிறார். ஜேன் அவரை வெறுத்துவிடவில்லை. உள்ளம் முழுவதும் அவரிடமே இருக்கிறது. ஆயினும் விடியுமுன் வெளியேறி, பசியால் வாடி, பிறர் வாசலில் கையேந்தும் நிலைக்கும் ஆளாகிறாள். இது முதல் மறுப்பு.

அவளுக்கு அடைக்கலம் தந்தவர் செயின்ட் ஜான் ரிவர்ஸ் என்னும் சமயப் பணியாளர். அவர் இந்தியா வந்து ஊழியம் செய்ய விரும்பியவர். ஜேனுக்கு இந்துஸ்தானி மொழியையும் கற்பிக்கிறார். தம்மை மணந்து உடன் வருமாறு கேட்கிறார். அவரிடம் ஒழுக்கம் உண்டு, கடமையுணர்வு உண்டு; அவள்பால் காதல் மட்டும் இல்லை. தங்கை முறையில் உடன்வர இசையும் ஜேன், மனைவியாக வர மறுக்கிறாள். இது இரண்டாவது மறுப்பு.

முதல் மறுப்பில் அன்பு இருந்தது, அறம் இல்லை. இரண்டாவதில் அறத்தின் தோற்றம் இருந்தது, அன்பு இல்லை. முதல் மறுப்பை மட்டும் காண்போர் அவளைக் கட்டுப்பாடு மிக்கவள் என்று புகழ்ந்து அமைவர். இரண்டாவதையும் சேர்த்துக் காணும்போதுதான் அவளுக்கும் காம உணர்வு உண்டு, அதற்கு மதிப்பும் உண்டு என்பது புலனாகும். அன்பற்ற மணவாழ்வையும் ஒரு தீங்காகக் கருதும் துணிவு அவளிடம் இருந்தது.

உடைமையும் உறுதியும்

சிற்றப்பன் விட்டுச் சென்ற 20,000 பவுன் ஜேனுக்குக் கிடைக்கிறது. அதனைத் தன் உறவினர் மூவருடன் சமமாகப் பகிர்ந்து 5,000 பவுனைத் தனக்கு வைத்துக்கொள்கிறாள். தீவிபத்தில் பெர்த்தா மாண்டபின், பார்வையும் ஒரு கையும் இழந்திருக்கும் ரோச்செஸ்டரை அவளே தேடிச் சென்று மணக்கிறாள். அத்திருமணத்தை அறிவிக்கும் புகழ்பெற்ற தொடரின் எழுவாய் ‘நான்’ என்பதாகும். மணம் செய்விக்கப்பட்டவளாக அவள் தன்னைக் கூறிக்கொள்ளவில்லை.

அக்கால இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி, மணமான பெண்ணின் பணமும் பொருளும் கணவனுக்கே உரியனவாயின. 1870, 1882 ஆம் ஆண்டுகளின் சட்டங்களே இந்நிலையை மாற்றின. மணப்பெண்ணின் இசைவும், மகர் அவளுக்கே உரிய உடைமை என்பதும் இஸ்லாமிய மணமுறையில் இடம்பெற்றிருப்பதை நாம் அறிவோம். இசைவும் உடைமையும் உடையவளின் சொல்லுக்கே வலிமை உண்டு என்பதை இந்தப் புதினமும் உணர்த்துகிறது.

இத்துணை ஒழுக்கமுள்ள நாயகியும் பழிப்புக்குத் தப்பவில்லை. 1848இல் ‘குவார்ட்டர்லி ரிவ்யூ’ இதழில் எலிசபெத் ரிக்பி இந்நூலைக் கிறித்தவ நெறிக்கு மாறானது என்று சாடினார். தன் நிலைக்கு அடங்கியிராத ஜேனின் மனமே அவருக்கு உறுத்தலாயிற்று. மறுபுறம், பெர்த்தாவின் குரல் கதையில் கேட்கவே இல்லை என்னும் குறையும் உண்டு. ஜீன் ரீஸ் 1966இல் எழுதிய ‘வைட் சர்காசோ சீ’ என்னும் புதினம் பெர்த்தாவின் வாழ்வைச் சொல்லி அக்குறையை ஈடுசெய்தது.

வாய்பாடாகிய காதல்

ஏழைப் பெண், செருக்குடைய செல்வர், இடையில் ஒரு மறைபொருள், முடிவில் மணம் என்னும் சட்டகத்தைப் பின்வந்தோர் பெருவணிகமாக்கினர். 1908இல் இலண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் நிறுவனம் நாளடைவில் காதற் புதினத்துக்கே மறுபெயராயிற்று. 1971இல் கனடாவின் ஹார்லெக்வின் நிறுவனத்துடன் இணைந்தது. சட்டகம் நிலைத்தது, ஜேனின் மறுப்புத்தான் பல இடங்களில் வலுவிழந்தது.

1972இல் கேத்லீன் வுட்விஸ் எழுதிய ‘தி ஃபிளேம் அண்ட் த ஃபிளவர்’ பெரும் விற்பனை கண்டது. அதில் நாயகன் நாயகியைத் தவறாகக் கருதி வன்முறையால் அடைகிறான். பின்னர் அவனே கணவனாகிறான், காதலனும் ஆகிறான். நாயகிக்குத் துணிவும் சொல்வன்மையும் உண்டு. ஆயினும் அவள் சொன்ன ‘வேண்டாம்’ கதையின் முடிவில் மறக்கப்படுகிறது. தொல்காப்பியர் பெருந்திணை என்று ஒதுக்கியதை இப்புதினம் ஐந்திணையாக்கிக் காட்டுகிறது.

ஜானிஸ் ராட்வே என்னும் அமெரிக்க ஆய்வாளர், இத்தகைய புதினங்களைப் படிக்கும் பெண்களையே அணுகி ஆராய்ந்து, 1984இல் தம் நூலை வெளியிட்டார். நாயகியின் அறிவையும் தற்சார்பையும், நாயகனின் கனிவையும் அப்பெண்கள் பெரிதும் விரும்பினர். கொடுமை செய்யும் நாயகனை அவர்கள் வெறுத்தனர். எனினும் அவன் செயல் தவறான புரிதலால் விளைந்தது என்று கதை காட்டினால், மன்னிக்கவும் முன்வந்தனர். இங்கேதான் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். கதையில் ஆசிரியர் கையில் முடிவு இருக்கிறது. முரடன் இறுதியில் கனிவான் என்று அவரால் உறுதி தர முடியும். வாழ்க்கையில் அவ்வுறுதியை எவரும் தர இயலாது. சினத்தைக் காதலின் ஆழம் என்று நம்பப் பழகிய பெண், பின்னர் அச்சினத்தையே தன் வீட்டில் பொறுத்துக்கொள்ளவும் பழகிவிடுவாள்.

நம் மொழியின் மாத நாவல்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். வேலைக்குச் செல்லும் நாயகி, கூர்மையான பேச்சு, வெடுக்கென்ற மறுமொழி ஆகியவை மட்டும் உறுதியாகிவிடா. அவள் மறுத்தால் கதை நின்று கேட்கிறதா? அவள் விழைவு அவள் சொல்லாகவே வெளிப்படுகிறதா, அன்றி நாயகனின் பிடியில் நடுங்கும் உடலாக மட்டும் காட்டப்படுகிறதா? இவ்விரு வினாக்களுடன் மாணவியர் இந்நூல்களைப் படிப்பார்களாயின், அவர்களிடமிருந்து நூலைப் பறிக்க வேண்டிய தேவை எழாது.

பெரியோர்க்கும் ஒரு சொல். மணம் பேசும் வேளையில் மகளின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது எளிது. அந்த மௌனத்தின் உள்ளே ஒரு மறுப்பு இருக்குமாயின், அதை அச்சமின்றிச் சொல்லும் இடமாக இல்லம் அமைதல் வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொல்ல உரிமையுள்ள பெண்ணின் ‘சம்மதம்’ என்னும் சொல்லே பொருளுடைய சொல்லாகும்.