பயாப்ஸி ‘நார்மல்’, பிறகு ஏன் ஆபரேஷன்?

“அடுத்த வாரம் ஆபரேஷன் என்கிறார் டாக்டர். பயாப்ஸி ரிப்போர்ட்டில் புற்றுநோய் இல்லை என்றிருக்கிறது. யாரை நம்புவது?” இரைப்பை ஸ்ட்ரோமல் கட்டி பற்றி வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. தேதி நெருங்கிவிட்டவர்களுக்காக இதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த ரிப்போர்ட் பேசுவது கிள்ளியெடுத்த துணுக்கைப் பற்றி மட்டுமே. ‘ஜிஸ்ட்’ எனப்படும் இந்தக் கட்டி இரைப்பையின் உள்சவ்வில் முளைப்பதில்லை. அதற்கு அடியிலுள்ள தசைச் சுவரில் வளர்கிறது. எண்டோஸ்கோப்பி இடுக்கிக்கு அகப்படுவதோ பெரும்பாலும் மேலே போர்த்திய சவ்வுதான். பாயைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, அடியில் கல் இல்லை என்று எழுதிக்கொடுப்பது போன்றது இது. திரையில் வழவழப்பான ஒரு மேடு தெரியும். சிலருக்கு அதன் உச்சியில் சிறு குழிப்புண் இருக்கும். ரத்தம் கசிந்து மலம் கறுப்பதும் ஹீமோகுளோபின் இறங்குவதும் அதனால்தான். மேடு தெரிந்தும் ‘நார்மல்’ என்று வரும் ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே ஊசியைக் கட்டிக்குள் செலுத்தித் திசு எடுக்க முடியும். அதில் சிடி117, டாக்1 என்ற இரு சோதனைகள் கட்டியை அடையாளம் காட்டும். எளிதில் அகற்றக்கூடிய கட்டி என்றால் ஊசி போடாமலே ஆபரேஷனுக்குப் போவதும் உண்டு. ஆபரேஷனுக்கு முன் இமாடினிப் மாத்திரையில் தொடங்குவதானால் திசுச் சோதனை கட்டாயம்.

ஆபரேஷனுக்குப் பிறகு வரும் ‘குறைந்த அபாயம்’ என்ற வரியோடு நிறுத்திவிடாதீர்கள். கட்டியின் அளவு, இருந்த இடம், 5 சதுர மில்லிமீட்டரில் பிரிந்துகொண்டிருந்த செல்கள் எத்தனை, கட்டி கிழிந்ததா என்ற நான்கும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். கிழிந்து வயிற்றுக்குள் சிந்தியிருந்தால், சிறிய கட்டியும் உயர் அபாயமே.

முழு இரைப்பையும் போய்விடுமா? பெரும்பாலும் இல்லை, கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் சுவரோடு வெட்டினால் போதும். நெறிக்கட்டிகள்? பொதுவாக எடுப்பதில்லை. லேப்ராஸ்கோப்பி? உடையாமல் பையிலிட்டு எடுக்க முடிந்தால் சரி. கீமோ? வழக்கமான கீமோ இதில் பலன் தருவதில்லை; உயர் அபாயமென்றால் இமாடினிப், தினமும் 400 மில்லிகிராம், குறைந்தது 3 ஆண்டு. எல்லோருக்கும் கேட்குமா? டி842வி மரபணு மாற்றம் இருந்தால் கேட்காது. முன்பே சோதிக்கச் சொல்லுங்கள். விலை? இந்த மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கொடுத்த காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது, உச்ச நீதிமன்றமும் 2013இல் மறுத்தது; அதனால் ஜெனரிக் மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.