நாலு மணிக்குக் காலியான ஆபீஸ்கள்

கல்கத்தா டல்ஹவுசி சதுக்கத்து ஆபீஸ்களில் அந்தக் காலத்தில் ஆண்டுதோறும் மே மாதம் ஒரு தொற்றுநோய் தொடங்கும். மூன்றரை மணி ஆனதும் ஒரு குமாஸ்தாவுக்குத் தலைவலி வரும். பக்கத்து மேஜைக்காரரின் மாமியாருக்கு மூச்சிரைக்கும். நாலு மணிக்கெல்லாம் கோப்புகள் மேஜைமேல் அப்படியே கிடக்க, ஆட்கள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைதான் பக்கம் நடந்துகொண்டிருப்பார்கள். மேலதிகாரி கேட்க மாட்டார். அவரும் அங்கேதான் இருப்பார், உறுப்பினர் பகுதியில்.

மழைக்காலம் முழுக்கக் கல்கத்தா லீக் நடக்கும். பெரிய ஆட்டம், சின்ன ஆட்டம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. செவ்வாய்க்கிழமை ஏதோ ஒரு குட்டி அணியோடு மோகன் பாகான் ஆடினாலும் கூட்டம் வரும். 1970களில் அறுபது பைசா கேலரி என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த அறுபது பைசாவுக்கு வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டும். குதிரைப் போலீஸ் வந்து வரிசையை நெருக்கும்போது குதிரையின் மூச்சு கழுத்தில் படும். டிக்கெட் கிடைக்காதவர்கள் வில்லியம் கோட்டைப் பக்கத்து மேட்டில் ஏறி நின்று பார்ப்பார்கள். அட்டைப் பெட்டிக்குள் இரண்டு கண்ணாடித் துண்டுகளைச் சாய்த்து ஒட்டி, முன்னால் நிற்கிறவன் தலைக்கு மேலாகப் பார்ப்பவர்களும் உண்டு. எதுவும் வாய்க்காதவனுக்கு ஆகாசவாணி இருந்தது. அஜய் பாசுவும் கமல் பட்டாச்சார்யாவும் வங்காள மொழியில் வர்ணனை சொன்னால், வெற்றிலைக் கடை டிரான்சிஸ்டரைச் சுற்றி ஒரு தெருவே நிற்கும்.

மைதான் ராணுவத்தின் நிலம். அங்கே நிலையான கட்டடம் எழுப்ப எளிதில் அனுமதி கிடைக்காது. அதனால்தான் நாட்டின் மிகப் பெரிய கால்பந்து கிளப்புகள் நூறு வருஷமாகியும் தங்கள் அலுவலகத்தைக் ‘கூடாரம்’ என்றே சொல்கின்றன. மோகன் பாகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றுக்கும் நடந்துபோகும் தூரத்தில் வேலியடைத்த ஆட்டக்களங்கள், மரப்பலகை கேலரிகள். ஒரு பக்கம் ஆபீஸ் பேட்டை, இன்னொரு பக்கம் கங்கை, நடுவே டிராம். எந்த நகரத் திட்டக்காரரும் இப்படி யோசித்து வைக்கவில்லை. ராணுவத்துக்குக் கோட்டையைச் சுற்றிச் சுடுவதற்கு வெட்டவெளி தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்த வெட்டவெளிதான் கால்பந்தை இந்த ஊரின் அன்றாடமாக்கியது. வேலை முடித்து வீட்டுக்குப் போகிற வழியில் ஆட்டம் இருந்தது.

பெருமையின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1889இல் தொடங்கிய மோகன் பாகான், 1911 ஜூலை 29 அன்று இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் (ஐ.எஃப்.ஏ.) கேடய இறுதியில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்றது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். தூரத்தில் நின்ற கூட்டத்துக்குக் கோல் கணக்கைச் சொல்லப் பட்டம் விட்டார்கள். 1920இல், ஒரு ஆட்டக்காரரைச் சேர்க்காமல் விட்ட கோபத்தில் பிறந்தது ஈஸ்ட் பெங்கால். பிரிவினைக்குப் பிறகு கிழக்கிலிருந்து வந்த அகதிகள் ஜாதவ்பூரிலும் விஜய்கரிலும் குடிசை போட்டபோது, இந்த ஊரில் தங்களுக்கென்று இருந்த ஒரே சொத்தாக அந்தச் சிவப்பு-பொன்னிறச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மேற்கு வங்கத்துப் பூர்வீகக்காரர் ‘கொட்டி’. அவர் மோகன் பாகான். கிழக்கிலிருந்து வந்தவர் ‘பாங்கால்’. அவர் ஈஸ்ட் பெங்கால். நம்மூரில் பேச்சோடு பேச்சாக ‘உங்களுக்குச் சொந்த ஊர் எது’ என்று கேட்டு ஆளை எடைபோடுவோமே, அதையே அங்கே ‘நீங்க எந்த டீம்’ என்று கேட்டு முடித்துவிடுவார்கள்.

விஷயம் அடுப்படி வரை போனது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பாகான் ஜெயித்தால் இறால். மறுநாள் காலை மீன் சந்தையில் எது விலை ஏறியிருக்கிறது என்று பார்த்தாலே ஆட்டத்தின் முடிவு தெரியும் என்பார்கள். பெண் பார்க்கப் போகிற இடத்தில் கிளப்பை விசாரிக்கிற சங்கடத்தை வைத்து 1976இல் ‘மோகன்பாகானேர் மேயே’ என்று ஒரு படமே வந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ‘இன்று அணியில் வங்காளிப் பையன்களே இல்லை, எல்லாம் வெளியூர்க்காரன், வெளிநாட்டுக்காரன்’ என்று பெரியவர்கள் அங்கலாய்க்கிறார்கள். பாதிதான் உண்மை. அகதிகளின் பெருமையைத் தோளில் சுமந்த ஈஸ்ட் பெங்காலின் பொற்கால முன்கள வரிசை அகமது கான், தன்ராஜ், வெங்கடேஷ், அப்பாராவ், சாலே. ‘பஞ்ச பாண்டவர்’ என்று கொண்டாடப்பட்ட ஐந்து பேரும் தெற்கிலிருந்து போனவர்கள். ஹைதராபாத்தில் பிறந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார், மூன்றிலும் கொண்டாடப்பட்டார். டாக்காவிலிருந்து ஓடிவந்த குடும்பம் ஒரு பெங்களூர்ப் பையனின் கோலுக்குக் கண்ணீர் விட்டது. அவன் ஊரை யாரும் கேட்கவில்லை. அன்றும் இன்றும் ஊர்ப்பற்று கேலரியில் இருக்கிறவனுக்குத்தான்.

பழைய நாட்கள் என்றால் தேனும் பாலும் என்று நினைக்கவும் வேண்டாம். 1975 கேடய இறுதியில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று வென்ற இரவு, மோகன் பாகான் ஆட்டக்காரர்கள் சிலர் ரசிகர்களுக்குப் பயந்து கங்கையில் படகிலேயே பொழுதைக் கழித்ததாகச் சொல்வார்கள். அதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். 1980 ஆகஸ்ட் 16 பற்றி அப்படிப் பேச முடியாது. ஈடன் கார்டன்ஸில் இரு அணிகளும் மோதிய அன்று கேலரியில் மூண்ட அடிதடியிலும் நெரிசலிலும் 16 பேர் செத்தார்கள். வீட்டில் ‘ஆட்டம் பார்த்துட்டு வர்றேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். அந்தத் தேதியில் இன்றும் ரத்ததான முகாம் நடத்துகிறார்கள். அந்தக் கேலரிகளில் பெண்கள் அநேகமாக இல்லை என்பதையும் ஏக்கக் கட்டுரைகளில் யாரும் எழுதுவதில்லை.

மாற்றத்துக்கு ஒரே நாள் குறிக்க முடியாது. ஆனாலும் 1984இல் சால்ட் லேக் ஸ்டேடியம் திறந்ததை நான் முக்கியமாகச் சொல்வேன். மைதானின் மரப்பலகைகளோடு ஒப்பிட்டால் அது அரண்மனை. 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு அங்கே வந்த கூட்டம் 1,31,781. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று மோகன் பாகானை வீழ்த்தியது. இந்தியாவில் ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு அப்படி ஒரு கூட்டம் அதற்குப் பிறகு கூடவில்லை. ஆனால் அந்த அரண்மனை ஊருக்குக் கிழக்கே, ஆபீஸ் பேட்டையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு நடந்துபோக முடியாது. போக வேண்டுமென்றால் முன்கூட்டித் திட்டமிட வேண்டும், நண்பர்களோடு லாரி பிடிக்க வேண்டும். அன்றாடம் என்பது அங்கேதான் விசேஷமாக மாறியது.

ஸ்டேடியம் திறந்த இரண்டு வருஷத்தில் 1986 உலகக் கோப்பை டிவியில் வந்தது. ஊரே மாரடோனாவைப் பார்த்தது. அதுவரை தன் கிளப் ஆடுவதுதான் கால்பந்து என்று நம்பிய பையனுக்கு ஒப்பிட ஒன்று கிடைத்துவிட்டது. இன்று உலகக் கோப்பை வந்தால் சந்து சந்தாகப் பிரேசில், அர்ஜென்டினா கொடிகள். அந்தப் பையனின் மகன் நள்ளிரவில் ஐரோப்பிய லீக் பார்த்துவிட்டுக் காலையில் தூங்கி வழிகிறான். அவனிடம் லீக்கில் செவ்வாய்க்கிழமை ஆட்டம் இருக்கிறது என்று சொன்னால் எந்த லீக் என்று கேட்பான்.

ஆட்டக்காரர் அணி மாறும் கதையிலேயே எவ்வளவு வித்தியாசம்! முன்பெல்லாம் அந்தப் பருவம் வந்தால் ஊரே துப்பறியும் நாவல் படிப்பதுபோல் இருக்கும். எதிரணி கொத்திக்கொண்டு போய்விடக் கூடாதென்று கிளப் நிர்வாகிகள் ஆட்டக்காரரை யாருக்கும் தெரியாத வீட்டில் ஒளித்துவைப்பார்கள். சுட்டர்கின் தெருவிலுள்ள ஐ.எஃப்.ஏ. அலுவலகத்துக்குக் காரில் கூட்டிவந்து கையெழுத்துப் போடவைக்கும்வரை நிம்மதி இல்லை. வாசலில் இரு தரப்பு ரசிகர்களும் கத்திக்கொண்டு நிற்பார்கள். இப்போது ஒரு மாலை, பின்னணி இசையோடு முப்பது விநாடி வீடியோ வரும். ஒரு ஸ்பெயின்காரரோ ஆஸ்திரேலியரோ சட்டையைத் தூக்கிக் காட்டுவார். கைத்தட்டல் பொம்மையைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வந்தது. முதலில் இந்த இரண்டு கிளப்புகளும் அதில் இல்லை. புதிதாக உண்டாக்கப்பட்ட ஒரு கொல்கத்தா அணி இருந்தது. 2020இல் கால்பந்துப் பிரிவை ஒரு பெருநிறுவனத்திடம் பெரும்பங்கு கொடுத்து, மோகன் பாகான் அந்தப் புது அணியோடு இணைந்தது. 131 வயது கிளப்பின் பெயருக்கு முன்னால் அந்த அணியின் ‘ஏ.டி.கே.’ என்ற மூன்றெழுத்து வந்து உட்கார்ந்தது. பணம் வந்ததை ரசிகர்கள் மறுக்கவில்லை, வெளிநாட்டு ஆட்டக்காரர்களை மறுக்கவில்லை, கோப்பையை மறுக்கவில்லை. அந்த மூன்றெழுத்தை மட்டும் தாங்கிக்கொள்ளவில்லை. தெருவில் ஊர்வலம் போனார்கள், ஸ்டேடியத்தைப் புறக்கணித்தார்கள், சமூக ஊடகத்தில் மூன்று வருஷம் ஒரே கோஷம். 2023 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற இரவிலேயே உரிமையாளர் பெயரை மாற்றப்போவதாக அறிவித்தார். கோப்பையைவிட அந்த அறிவிப்புக்கு அதிகம் பட்டாசு வெடித்திருக்கும். ஈஸ்ட் பெங்காலும் ஒரு முதலீட்டாளரை விட்டு இன்னொருவரைத் தேடி அலைந்துதான் இந்த லீக்கில் காலம் தள்ளியிருக்கிறது. கிளப்பை நடத்துவது யார் என்பதில் ரசிகனுக்குச் சொல் இல்லை. ஆனால் அதன் பெயரில் அவனுக்குச் சொல் உண்டு என்று அந்த மூன்று வருஷம் காட்டியது. பழைய உறுப்பினர் முறையில்கூட சாதாரண கேலரிக்காரனுக்கு இவ்வளவு செல்வாக்கு இருந்ததா என்பது சந்தேகம்தான்.

இன்று இந்த இரு கிளப்புகளும் மோதும் டெர்பிக்குப் போவது வேறு அனுபவம். ஏழரை மணிக்கு ஆட்டம், கைபேசியில் டிக்கெட், 2017 இளையோர் உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்தபோது போட்ட தனித்தனி இருக்கைகள், அதனால் பாதியாகச் சுருங்கிய கூட்டம். ஹௌரா பக்கத்து ரசிகர் இப்போது கங்கைக்கு அடியில் ஓடும் மெட்ரோவில் ஏறி, சால்ட் லேக் ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கிவிடலாம். 2025 ஆகஸ்டிலிருந்து இடையில் வண்டி மாற வேண்டியதில்லை. அம்மாவும் மகளும் ஒரே சட்டையில் வருகிறார்கள். மகள் சில சமயம் எதிரணிச் சட்டையிலும் வருகிறாள், ஏனென்றால் அப்பா பாங்கால், அம்மா கொட்டி என்கிற வீடுகள் இன்று சர்வசாதாரணம். பரம்பரையாக வந்த கிளப்பை இந்தத் தலைமுறை தானே தேர்ந்தெடுக்கிறது. சமையலறையில் இரண்டு மீனும் வேகிறது.

ஆனால் பழைய காயம் மறக்கப்படவில்லை. 2020 ஜனவரி டெர்பியில், குடியுரிமைச் சட்டம் பற்றி நாடே கொதித்துக்கொண்டிருந்தபோது, ஈஸ்ட் பெங்கால் கேலரியில் ஒரு ராட்சதப் பதாகை எழுந்தது: இந்த மண்ணை ரத்தம் கொடுத்து வாங்கினோம், காகிதம் காட்டி அல்ல என்ற பொருளில். பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பெரும்பாலும் கொல்கத்தாவில் பிறந்தவர்கள். டாக்காவைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள்.

இழந்தது எங்கே தெரிகிறது என்றால், சாதாரண நாளில். கல்கத்தா லீக் இன்னும் நடக்கிறது. நிறைய ஆட்டங்கள் நைஹாட்டி, பராக்பூர், கல்யாணி என்று புறநகர்க் களங்களுக்குப் போய்விட்டன. 2025 ஜூலையில் லீக் டெர்பியே கல்யாணியில்தான் நடந்தது. ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவு. பெரிய கிளப்புகள் அதில் இளையோரை இறக்கிப் பார்க்கின்றன. டல்ஹவுசி ஆபீஸ் வேலைகளில் எத்தனையோ சால்ட் லேக்கின் கணினி நிறுவனங்களுக்கு இடம் மாறிவிட்டன. ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே வேலை பார்க்கிற ஆயிரக்கணக்கான பேர் டெர்பிக்கு மட்டும் அந்த வாசலில் நுழைகிறார்கள். தூரம் குறைந்தது, நாலு மணிக்கு எழுந்து போகிற துணிச்சல்தான் இல்லை. அட்டை தேய்க்காமல் ஆபீஸ் கதவு திறக்காது.

2024 ஆகஸ்ட் 18 அன்று டூரண்ட் கோப்பை டெர்பி நடக்க வேண்டும். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டு ஊர் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். போலீஸ் பாதுகாப்பு தர முடியாது என்று ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆட்டமே இல்லாத ஸ்டேடியத்துக்கு இரு கிளப் ரசிகர்களும் வந்தார்கள். முகமதன் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. மோகன் பாகான் அணித்தலைவர் சுபாஷிஷ் போஸ் மனைவியோடு வந்து கூட்டத்தில் நின்றார். மோகன் பாகானின் பச்சை-மெரூன் சட்டைக்காரன் சிவப்பு-பொன்னிறச் சட்டைக்காரனைத் தோளில் தூக்கி வைத்திருக்கும் படம் மறுநாள் நாடு முழுக்கப் பரவியது. நூறு வருஷமாக அடித்துக்கொண்டவர்கள் ஒரே குரலில் நியாயம் கேட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 19 அன்று ஐ.எஸ்.எல். டெர்பி வந்தது. மோகன் பாகான் 2-0 என்று வென்றது. கேலரிகளில் இரு தரப்பும் ஒருவர் பாட்டனை ஒருவர் இழுத்து, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தன.